சீட்டியை மொழிபெயர்த்த நல்லதம்பி

நல்லதம்பிக்குப் பஞ்சாபி தெரியும் என்று முதலில் சொன்னவன் நல்லதம்பிதான். மறுப்பதற்கு ஆளில்லை. உடையார்பாளையத்திலிருந்து அரியலூர் வரை வீடு வீடாக விசாரித்தாலும் அந்த மொழி தெரிந்த இன்னொருவர் அகப்பட மாட்டார். அந்தத் தைரியத்தில்தான் அவன் சொன்னான்.

சண்டைக் காலத்தில் அப்பாவோடு கோபித்துக்கொண்டு பட்டாளத்தில் சேர்ந்தவன் அவன். பெங்களூரில் ஒரு கிடங்கில் மாவு மூட்டைகளுக்கு நம்பர் போடுகிற வேலை கிடைத்தது. கிடங்குக்குப் பக்கத்தில் பஞ்சாபிச் சிப்பாய்களின் சமையல் கொட்டகை. பதினொரு மாதம் அந்தப் புகையைச் சுவாசித்தான். ரொட்டி, பானி, சலோ என்று சில சொற்களும், ஐந்தாறு வசவுகளும் சேர்ந்தன. பிறகு பாதம் தட்டையாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்ததும் பர்மா எல்லையைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னான். பாதத்தைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

அவனுடைய அப்பா அய்யம்பெருமாள் நிறைய நிலம் உள்ளவர். வரப்பில் குடை பிடித்து நிற்பார், வாய் திறந்து ஆளைக் கூப்பிட மாட்டார். சீட்டிதான். ஒரு குட்டைச் சீட்டி அடித்தால் மாட்டுக்காரன் ஓடி வர வேண்டும். இரண்டு அடித்தால் நடவுப் பெண்கள் கரையேற வேண்டும். நீளமாக ஒன்று அடித்தால் எல்லோரும் இருந்த இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். யாரோ தப்புச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பதிலுக்கு யாரும் சீட்டி அடிக்கக் கூடாது. அடித்தவன் மறுநாள் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும்.

மற்றபடி எங்கள் பக்கத்தில் சீட்டிக்கு இருந்த மரியாதை எல்லோருக்கும் தெரிந்ததே. மாடு தண்ணீர் குடிக்கும்போது மெல்லச் சீட்டி அடிப்பார்கள். கூத்துக் கொட்டகையில் ராணி வேஷம் வரும்போது அடிப்பார்கள். அரியலூர் ஸ்டேஷனில் கார்டு ஊதினால் ரயில் புறப்படும்; பெரம்பலூரில் கண்டக்டர் ஊதினால் கரியில் ஓடுகிற பஸ் புறப்படுவதைப் பற்றி யோசிக்கும். வீட்டுக்குள் அடித்தால் பாம்பு வரும். பெண் அடித்தால் பாம்பைவிட மோசமான பேச்சு வரும்.

நாற்பத்தாறில் ரெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனி சுண்ணாம்புக்கல் குவாரி திறந்தது. பாறைக்கு வெடி வைக்க நிஹால் சிங் என்ற ஓய்வுபெற்ற ஹவில்தாரை வரவழைத்தார்கள். ஐம்பது வயது, நெஞ்சு வரை தாடி, கழுத்தில் பித்தளை விசில். வெடிமருந்தில் அவருக்குத் தெரியாதது இல்லை. தமிழில் தெரிந்தது ஒன்றும் இல்லை. குவாரி மேனேஜர் திருச்சிக்காரர். அவருக்கு இங்கிலீஷும் தமிழும்தான் வரும். வேலைக்கு வந்த நாற்பது பேரும் அதுவரை அய்யம்பெருமாள் போன்றவர்களின் வயலில் வேலை செய்தவர்கள். இவர்களுக்கு நடுவில் ஒரு துபாஷி வேண்டும் என்று கம்பெனி தேடியபோது நல்லதம்பி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போய் நின்றான்.

மேனேஜர் பரீட்சை வைத்தார். "நாளைக்கு வேலைன்னு சிங்குகிட்ட சொல்லு, பாப்போம்."

"கல் காம்" என்றான் நல்லதம்பி.

சிங் தலையாட்டினார். வேலை கிடைத்துவிட்டது. குவாரிக்குப் போகிற வண்டிப்பாதை அய்யம்பெருமாளின் நிலத்தின் வழியாகப் போயிற்று என்பதும் அந்தப் பரீட்சையில் அவனுக்குக் கொஞ்சம் கை கொடுத்தது.

முதல் நாள் காலையில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, சிங் தன் கழுத்து விசிலைத் தூக்கிக் காட்டினார். "எஹ் ஸீட்டி ஏ" என்றார்.

நல்லதம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சீட்டி என்று அப்படியே தமிழில் சொல்கிறாரே! இதைச் சீட்டி என்று மொழிபெயர்த்தால், இதற்கு ஒரு துபாஷி எதற்கு என்று யாராவது கேட்க மாட்டார்களா? அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "இது வந்து... பட்டாளத்துக் காத்துக்கருவி. பஞ்சாபியில அதுக்கு ஆழமான அர்த்தம் உண்டு. உங்களுக்குச் சொன்னா புரியாது."

"சீட்டின்னுதானுங்களே சொன்னாரு?" என்று முன் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. பூமாலை. இருபத்திரண்டு வயது. நேற்று வரை அய்யம்பெருமாள் வயலில் நடவு நட்டவள்.

"உன் காதுக்கு அப்படிக் கேக்குது. பேசாம நில்லு."

சிங் அடுத்ததைச் சொன்னார். மூன்று விரலைக் காட்டி, "தின் வாரி ஸீட்டி வஜ்ஜே தாங் பஜ்ஜோ" என்றார். மூன்று முறை விசில் சத்தம் கேட்டால் ஓடிவிடுங்கள் என்பது அதன் பொருள். பஜ்ஜோ என்றால் ஓடு. ஆனால் பெங்களூர்ச் சமையல் கொட்டகையில் யாரும் ஓடியதில்லை. ஆகவே நல்லதம்பிக்கு அந்தச் சொல் தெரியாது. தெரியாது என்று சொல்கிற வழக்கமும் அவனிடம் இல்லை. சிங் இரண்டு கைகளையும் வேகமாக வெளிப்பக்கம் வீசிக் காட்டினார். வாரி வழங்குவதைப் போல இருந்தது. நல்லதம்பியின் முகம் மலர்ந்தது.

"மூணு தரம் ஊதினா எல்லாருக்கும் பஜ்ஜி குடுப்பாராம்."

அரிசிக்கு ரேஷன் இருந்த காலம். கம்பு கிடைத்தாலே பெரிது. நாற்பது பேரும் ஒரே சமயத்தில் சிங்கைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இவ்வளவு ஒழுக்கமான கூட்டத்தைச் சிங் பட்டாளத்தில்கூடப் பார்த்ததில்லை. அவர் சல்யூட் அடித்தார்.

நான்காம் நாள் முதல் வெடி. மதியம் எல்லோரும் தள்ளியிருந்த பள்ளத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சிங் குழிகளில் மருந்தை நிரப்பி, நீளத் திரியைப் பற்ற வைத்துவிட்டு மேலே ஓடி வந்து மூன்று முறை ஊதினார். பள்ளத்திலிருந்து ஆரவாரம் கேட்டது. நாற்பது பேரும் மேலேறி அவரை நோக்கி ஓடி வந்தார்கள். சிலர் கையில் பூவரச இலை. ஒரு கிழவர் துண்டையே விரித்துப் பிடித்திருந்தார்.

சிங்குக்கு முகம் வெளுத்துவிட்டது. "பஜ்ஜோ! பஜ்ஜோ!" என்று கத்தினார்.

அவர்கள் இன்னும் வேகமாக வந்தார்கள்.

முன்னால் ஓடி வந்தவள் பூமாலை. அவருடைய முகத்தைப் பார்த்தாள். பலகாரம் கொடுக்கிறவன் முகமாக அது தெரியவில்லை. அவருக்குப் பின்னால் குழியிலிருந்து புகை எழுவதையும் பார்த்தாள். கத்தினால் அந்த இரைச்சலில் யார் காதிலும் ஏறாது. திரும்பி நின்று, இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு சீட்டி அடித்தாள். அச்சு அசல் அய்யம்பெருமாள் சீட்டி.

நாற்பது பேரும் போட்ட அடியோடு நின்றார்கள். சிலர் பழக்கத்தில் தலையையும் குனிந்துகொண்டார்கள். யார் என்ன தப்புச் செய்தது என்று தெரியாமல் அவர்கள் முழித்த அந்த நேரம் போதும். "வெடி! ஓடுங்க! திரும்பி ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே அவள் ஓட, கூட்டம் அவள் பின்னால் பள்ளத்துக்குள் விழுந்தது. அப்போதுதான் பாறை பிளந்தது. யாருக்கும் காயமில்லை. துபாஷிக்காகப் போட்டிருந்த கீற்றுப்பந்தலின் மேல் மட்டும் ஒரு கல் வந்து விழுந்தது. துபாஷி அப்போது ஆபீஸில் மோர் குடித்துக்கொண்டிருந்தான்.

மேனேஜர் ஓடி வந்தார். எல்லோரையும் கூட்டினார்கள். சிங் மூச்சு வாங்க, "ஸீட்டி கின் மாரி?" என்று கேட்டார். சீட்டி அடித்தது யார் என்கிறார். நன்றி சொல்லத்தான் கேட்டார். ஆனால் மார் என்றால் அடி என்பது நல்லதம்பிக்கு நன்றாகத் தெரியும். பட்டாளத்தில் அவனை அப்படிப் பயமுறுத்தியிருக்கிறார்கள்.

"சீட்டி விட்டது யாருன்னு கேக்கறாரு. அவங்களுக்கு அடி விழப்போவுது" என்றான்.

ஒருவரும் பூமாலையைக் காட்டிக்கொடுக்கவில்லை. பொம்பளை சீட்டி அடித்தாள் என்று வெளியே தெரிந்தால் சிங் அடிப்பதற்கு முன்னால் ஊரே அடிக்கும். ஆனால் சிங் சிரித்துக்கொண்டே இரண்டு விரலை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டி, "ஸீட்டி மார்... ஸீட்டி மார்" என்று மறுபடி சொன்னார்.

பூமாலை யோசித்தாள். "சார், எனக்கு ஒண்ணு தோணுதுங்க. ஸீட்டின்னா சீட்டி. மார்னா அடி. சீட்டி அடிங்கறாரு. அவ்வளவுதானுங்களே?"

மேனேஜர் நல்லதம்பியைப் பார்த்தார். நல்லதம்பி ஒரு நிமிஷம் ஆகாயத்தைப் பார்த்தான்.

"கொச்சையா சொன்னா அப்படியும் வரும் சார். நான் இலக்கணப்படி சொன்னேன்."

பூமாலை சிங்குக்கு எதிரே நின்று மறுபடி ஒருமுறை சீட்டி அடித்தாள். சிங் தாடிக்குள்ளிருந்து பெரிதாகச் சிரித்தார். தன் கழுத்து விசிலைக் கழற்றி, மேனேஜரிடம், "குடீ நூ ஸீட்டி தே தேஓ" என்றார். இந்தப் பெண்ணிடம் விசிலைக் கொடுங்கள் என்று அர்த்தம். பஞ்சாபியில் குடீ என்றால் பெண். நல்லதம்பி பாய்ந்து போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டு வந்து, "குடிக்கக் கேக்கறாரு" என்றான். சிங் செம்பை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு விசிலைத் தானே பூமாலையின் கையில் வைத்தார்.

அன்று முதல் வெடி வைக்கும் நேரத்தில் வண்டிப்பாதையில் சிவப்புத் துணியும் விசிலுமாக நின்று ஆட்களையும் வண்டிகளையும் நிறுத்துகிற வேலை அவளுக்கு. மஸ்டர் நோட்டில் 'சிக்னல்' என்று அவள் பேருக்கு எதிரே எழுதினார்கள். நல்லதம்பியை நிறுத்திவிடத்தான் மேனேஜர் நினைத்தார். ஆனால் பாதை அய்யம்பெருமாளுடையதாயிற்றே.

அந்தப் பாதையிலேயே இரண்டு மாதம் கழித்து அய்யம்பெருமாள் வில்வண்டியில் வந்தார். அரியலூரில் ஒரு கல்யாணம். சரிகை அங்கவஸ்திரம் போட்டிருந்தார். பூமாலை துணியை உயர்த்தி விசில் ஊதினாள். வண்டி நின்றது. மாடுகளுக்கு அந்தஸ்து தெரியாது.

அய்யம்பெருமாள் எட்டிப் பார்த்தார். "யாரு புள்ள அது? பூமாலையா? யாரைப் பாத்துச் சீட்டி அடிக்கிறே நீ?"

"உங்களப் பாத்து இல்லீங்க ஆண்டே. வண்டியப் பாத்து. வெடி வச்சிருக்கு. செத்த நேரம் நில்லுங்க."

"என் நெலத்துல நான் நிக்கணுமா? நீ ஊதி நான் நிக்கணுமா? எங்கடா அவன், நல்லதம்பி!"

நல்லதம்பி ஆபீஸிலிருந்து இறங்கி ஓடி வந்தான். "சொல்லுங்கப்பா."

"இவ என்னமோ ஊதுறா. இதுக்கு என்னடா அர்த்தம்? நீதான் இங்க எல்லாத்துக்கும் அர்த்தம் சொல்ற ஆளாமே."

நல்லதம்பிக்கு இந்த ஒரு விசிலின் அர்த்தம் சந்தேகமில்லாமல் தெரியும். குவாரியில் அவன் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். ஆனால் கூலிக்காரி ஊதினால் நீங்கள் நிற்க வேண்டும் என்று அப்பாவின் முகத்துக்கு நேரே எந்த மொழியில் சொல்வது?

"அது வந்துப்பா... மரியாதைக்கு ஊதறது. துரைங்க வந்தா ஊதுவாங்க. நீங்க போலாம்னு அர்த்தம்."

"சின்னாண்டே!" என்று பூமாலை பதறினாள். குறுக்கே போய் நின்று மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தாள். அய்யம்பெருமாள் வண்டிக்காரன் கையிலிருந்த சாட்டையைப் பிடுங்கி அவள் கையில் ஒரு அடி போட்டார். அவள் கை தளர்ந்தது. வண்டி புறப்பட்டது. இருபது கஜம் போயிருக்கும், வெடி வெடித்தது. மாடுகள் மிரண்டு பாதையை விட்டிறங்கி ஓடின. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, அய்யம்பெருமாளைச் சுண்ணாம்புச் சேறு தேங்கியிருந்த குட்டையில் கொட்டிவிட்டுப் போயிற்று.

எழுந்து நின்றபோது மீசை உட்பட எல்லாம் வெள்ளை. கண் இரண்டு மட்டும் சிவப்பு.

"மரியாதையாடா இது?" என்றார் மகனைப் பார்த்து.

நல்லதம்பி மாடுகளைப் பிடிக்கப் போகிறவன் போல நழுவினான். பூமாலைதான் குடத்துத் தண்ணீரைக் கொண்டு வந்து, "கண்ணத் தேய்க்காதீங்க ஆண்டே, சுண்ணாம்பு எரியும்" என்று தள்ளி நின்று ஊற்றினாள். ஊற்றிய கையில் சாட்டை பட்ட இடம் தடித்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பாதையில் விசில் கேட்டால் அவர் வண்டி நின்றது. வண்டிக்காரன் மூத்திரம் போக வேண்டும் என்றான், அதனால் நிறுத்தினேன் என்று ஒவ்வொரு தடவையும் விளக்கம் சொல்வார்.

நாற்பத்தேழு ஆகஸ்டில் குவாரியிலும் கொடி ஏற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். நல்லதம்பி பஞ்சாபியில் வாழ்த்துச் சொன்னான்; அதில் மூன்று சொல் ரொட்டி. சிங் மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஊர் லாயல்பூர் பக்கம். நாட்டைப் பிரிக்கிற கோடு அவர் ஊருக்கு எந்தப் பக்கமாகப் போகிறது என்று அவருக்குச் சொல்ல இங்கே யாரும் இல்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. படித்துவிட்டுச் சிங் கல்குவியலுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் வந்தார், துபாஷியும் வந்தான். சிங் கடிதத்தைக் காட்டி, "மேரா பிண்ட் உஜ்ஜட் கயா" என்றார். அழுதுகொண்டே அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். என் ஊர் அழிந்துபோயிற்று என்று அர்த்தம்.

"என்னப்பா சொல்றார்?" என்றார் மேனேஜர்.

"பிண்டம்ங்கறார் சார். அப்பாவுக்குத் திதி போல இருக்கு. மூணு நாள் லீவு குடுத்தா ராமேஸ்வரம் போய்ப் பிண்டம் வச்சிட்டு வந்துடுவார்."

"சரி, மூணு நாள்னு எழுதிடறேன்."

பூமாலை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். "ஒரு திதிக்கா சார் ஆம்பளை இப்படி அழுவாரு?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் சிங்குக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். கல் துகளில் விரலால் ஒரு வீடு வரைந்து, அவரைக் காட்டி, "வூடு?" என்றாள்.

சிங் அந்த வீட்டைப் பார்த்தார். பக்கத்தில் தானும் ஒரு வீடு வரைந்தார். இன்னொன்று. ஒரு கிணறு. ஒரு மரம். ஒரு தெரு முழுக்க வரைந்தார். பிறகு உள்ளங்கையை வைத்து ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே இழுப்பாக அழித்தார்.

பூமாலை எழுந்தாள். "ஊரே போச்சுங்க சார். ஒரு வூடு இல்லை."

மேனேஜர் தினமும் பேப்பரில் படித்ததுதான். அந்தப் பேப்பரிலிருந்து ஒரு ஆள் வந்து தன் குவாரியில் உட்கார்ந்திருக்கிறார் என்று அதுவரை அவருக்குத் தோன்றவில்லை. "போகச் சொல்லு, எவ்வளவு நாள் வேணும்னாலும்" என்றார். நல்லதம்பியிடம் சொல்லவில்லை. பூமாலையிடம் சொன்னார். பிறகு நல்லதம்பி பக்கம் திரும்பி, "நீயும் போகலாம். உனக்கும் எவ்வளவு நாள் வேணும்னாலும்" என்றார்.

அரியலூர் ஸ்டேஷனுக்குக் குவாரி ஆட்கள் எல்லோரும் நடந்தே போனார்கள். நல்லதம்பி மாலையோடு வந்திருந்தான். வேலை போனது யாருக்கும் தெரியாது என்ற நினைப்பில் ரயில் பெட்டி வாசலில் நின்று பஞ்சாபியில் பிரசங்கம் ஆரம்பித்தான். சிங் சன்னல் வழியாக அவனைப் பார்த்து, "ச்சுப் கர்" என்றார்.

"சுபகரமா இருங்கன்னு வாழ்த்தறார்" என்றான் நல்லதம்பி கூட்டத்தைப் பார்த்து. வாயை மூடு என்கிற அந்த இரண்டு சொல்லின் பொருள் தெரியாமல் சொன்னதல்ல. பட்டாளத்தில் பதினொரு மாதமும் அவன் காதில் அதிகம் விழுந்தது அதுதான். சிங் எல்லோரையும் ஒருமுறை கும்பிட்டார். ரயில் போய்விட்டது. அவருக்கு யாராவது மிச்சம் இருந்தார்களா என்று கடைசிவரை இங்கே தெரியவில்லை. கடிதம் போட்டிருந்தாலும் படிக்க ஆளில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்து வெடி வைக்க ஒரு தெலுங்கர் வந்தார். துபாஷி வைக்கலாமா என்று கம்பெனி கேட்டு எழுதியதற்கு, பூமாலை இருக்கிறாள், போதும் என்று மேனேஜர் பதில் போட்டார்.

நல்லதம்பி பெரம்பலூருக்குக் குடிபோனான். முதலில் இந்தி கற்றுத் தருவதாகப் போர்டு மாட்டினான். சேர்ந்த மூன்று பேரில் ஒருவன் முன்னால் ஜபல்பூரில் வேலை பார்த்தவன். இரண்டாம் நாளே போர்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. பிறகு தாலுகா ஆபீஸ் வாசலில், புங்கமரத்து நிழலில், பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு மனு எழுத உட்கார்ந்தான். அங்கே அவனுக்கு நல்ல பேர். ஜனங்கள் தங்கள் குறையைச் சொல்வார்கள். அவன் அதைச் சர்க்கார் பாஷையில் போடுவான். எழுதியது என்ன என்று கேட்க அவர்களுக்குக் கூச்சம், படித்துக் காட்ட அவனுக்கு நேரமில்லை.

எறையூரிலிருந்து ஒருவர் வந்தார். காட்டுப்பன்றி வந்து கரும்பையெல்லாம் அழிக்கிறது, சர்க்கார் ஏதாவது செய்ய வேண்டும் என்றார். நல்லதம்பி உருக்கமாக ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தான். ஆறு வாரத்தில் பதில் வந்துவிட்டது. மனுதாரரின் ஆர்வத்தைச் சர்க்கார் பாராட்டுகிறது என்றும், பன்றி வளர்ப்பை நேரில் பார்வையிட அதிகாரி ஒருவர் வியாழக்கிழமை வருகிறார் என்றும் அதில் எழுதியிருந்தது.